சின்ன கிளப், சின்ன பட்ஜெட்: பூல் போட்டியை நேரலையில் காட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் நான்கே மேசைகள் உள்ள ஒரு கிளப்பில், ஞாயிற்றுக்கிழமைப் பூல் போட்டிகளை யூடியூபில் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. (பூல் என்பது கியூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, மற்றப் பந்துகளை மேசையின் பாக்கெட்டுகளில் விழுத்தும் ஆட்டம்.) திறமையைப் பார்த்துக் கொடுத்த வேலை அல்ல. முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு மாலை வரை சும்மா உட்கார்ந்திருப்பவன் நான்தான் என்பதால் கொடுத்தார்கள். இப்போது மற்ற கிளப்காரர்கள் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் போட்டியை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆடுகிறவரின் தம்பி, துபாயில் இருக்கும் மச்சான், போன வாரம் அவரிடம் தோற்றவர், அடுத்த சுற்றில் அவரோடு மோதப்போகிறவர். இருபது பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் எங்கள் கிளப்பில் அது திருவிழா. ஆனால் இந்த இருபது பேரும் ஆட்டம் தெரிந்தவர்கள். அவர்களுக்கு மேசை முழுவதும் தெரிய வேண்டும், ஸ்கோர் தெரிய வேண்டும், படம் நடுவில் அறுந்துபோகக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் படம் கொஞ்சம் மங்கலாக இருப்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. மூன்றில் ஒன்று தவறினாலும் வாட்ஸ்அப்பில் உடனே வசவு வந்துவிடும்.

எந்தக் கேமரா வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள். மூன்று நான்கு வருடப் பழைய கைபேசி ஒன்று யார் வீட்டு அலமாரியிலாவது கிடக்கும். திரை கீறியிருந்தாலும் பின்பக்க லென்ஸ் சுத்தமாக இருந்தால் போதும். பணம் இருந்தால் முதலில் கேமராவை உயரத்தில் பிடித்து நிறுத்தும் தாங்கிக்குச் செலவு செய்யுங்கள். அடுத்து இணையக் கம்பிக்கு, அதற்கடுத்து விளக்குக்கு. கேமராவுக்குக் கடைசி இடம்தான்.

ஒருமுறை நண்பர் ஒருவர் தம்முடைய விலை உயர்ந்த கேமராவைக் கொண்டுவந்து மாட்டினார். படம் அருமை. ஆனால் கேமராவின் திரையில் தெரியும் பேட்டரி அடையாளமும் குவியக் கட்டமும் எச்டிஎம்ஐ வழியாக அப்படியே நேரலைக்குப் போயின. அரையிறுதி முழுவதும் ஒரு பச்சைக் கட்டம் பந்துகளுக்கு மேல் அலைந்துகொண்டிருந்தது. சில கேமராக்களில் அதை அணைக்க முடியும், சிலவற்றில் முடியாது. இரவல் வாங்குவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

கேமராவை எங்கே வைப்பது?

எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகும் கேள்வி இது. நான் மிக அதிக நேரம் செலவிட்டதும் இதில்தான்.

தொலைக்காட்சியில் பூல் பார்த்திருந்தால் நினைவிருக்கும்: மேசையின் குறுகிய பக்கத்துக்குப் பின்னால், உயரத்திலிருந்து, நீளவாக்கில் பார்க்கும் கோணம். நீங்களும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு இரண்டாவது ஷாட்டுக்கும் ஆடுகிறவரின் முதுகுதான் தெரியும். இடுப்பு உயரத்தில் முக்காலியை நிறுத்தினால் முன்னால் இருக்கும் பந்து பின்னால் இருக்கும் பந்தை மறைத்துவிடும், எந்தப் பந்து எங்கே கிடக்கிறது என்பதே புரியாது.

எவ்வளவு உயரம்? மேசையின் விளிம்பிலிருந்து நான்கடி பின்னால், தரையிலிருந்து ஏழு முதல் எட்டு அடி. அதற்கு மேல் போனால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று நினைத்து நான் ஒன்பது அடியில் மாட்டினேன். தொங்கும் விளக்குப் பெட்டி குறுக்கே வந்து, தூரத்து மூலைப் பாக்கெட்டுகள் இரண்டையும் மறைத்துவிட்டது. இப்போது ஒரு நூலை வைத்துச் சோதிக்கிறேன். லென்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு முனை, தூரத்துப் பாக்கெட்டில் மறுமுனை. இறுக்கிப் பிடித்த நூல் விளக்கில் தட்டினால் கேமராவை இறக்க வேண்டும். விளக்கு சட்டகத்துக்குள் தெரியாதபடி, படத்தின் மேல்விளிம்பு தூரத்துக் குஷனை (மேசை ஓரத்து ரப்பர் விளிம்பை) தாண்டியதும் முடிந்துவிட வேண்டும்.

தாங்கிக்கு நாங்கள் போனது வெல்டிங் பட்டறைக்கு. எல் வடிவ இரும்புப் பட்டை ஒன்று, சுவரில் நான்கு போல்ட், முனையில் கைபேசிக் கிளிப். கடையில் விற்கும் ஏழடி லைட் ஸ்டாண்டும் வேலை செய்யும். ஆனால் பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) அடிக்கப் பின்னால் வருகிறவரின் கியூ அதன் காலில் இடிக்காத நாளே கிடையாது. சுவர்தான் நல்லது. எங்கே மாட்டினாலும் ஒரு சங்கிலியோ கயிறோ கூடுதலாகக் கட்டுங்கள். கீழே நிற்பது மனிதர்கள்.

நேர் மேலே, கூரையிலிருந்து பார்க்கும் கேமரா வைக்கலாமா?

வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதைக் காட்ட அதைவிட நல்ல கோணம் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பதடி மேசையின் ஆடுபரப்பு 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். மரச்சட்டத்தோடு சேர்த்தால் நீளம் 112 அங்குலத்தை ஒட்டி வரும். சாதாரணக் கைபேசியின் முதன்மை லென்ஸில் அந்த நீளம் முழுவதும் அடங்க, மேசைப் பரப்பிலிருந்து ஏறத்தாழ ஏழடி உயரம் வேண்டும். மேசையே இரண்டரை அடி. ஆக, கூரை ஒன்பதரை அடிக்குக் குறைவாக இருந்தால் முதன்மை லென்ஸ் பயன்படாது, அகலக் கோண லென்ஸுக்குப் போக வேண்டும். அதில் ஓரங்கள் வளையும், வெளிச்சம் போதாமல் புள்ளிபுள்ளியாகவும் தெரியும்.

நம் ஊர்க் கட்டடங்களில் இன்னொரு தொல்லை மின்விசிறி. விசிறியின் அருகே கூரையில் மாட்டிய கைபேசி நடுங்கும். அந்த நடுக்கம் நேரில் தெரியாது, படத்தில் மேசையே காய்ச்சல் வந்ததுபோல் ஆடும். முதல் ஆண்டு மேல் கேமராவைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

விளக்கைப் பற்றி என்ன செய்வது? படத்தில் கோடு கோடாக ஓடுகிறது.

கோடு ஓடுவதற்குக் காரணம் மின்சாரம். நம் நாட்டில் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி. அதனால் மலிவான எல்இடி விளக்குகளும் பழைய டியூப் லைட்டுகளும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கைபேசியில் ஷட்டர் வேகத்தைக் கையால் அமைக்கும் வசதி இருந்தால் 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், கோடு மறைந்துவிடும். வெப்கேமராவாக இருந்தால் அதன் அமைப்புகளில் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை 50 ஆக மாற்றுங்கள். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து 1/60 என்று வைத்துவிட்டு நான் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அடுத்தது, வெளிச்சத்தையும் வெண்சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) பூட்டிவிடுவது. கைபேசி தானாகச் சரிசெய்யும்படி விட்டால், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மேசை மேல் குனியும்போதெல்லாம் மேசைத் துணி கறுத்துப்போகும். அவர் நிமிர்ந்ததும் வெளுத்துப்போகும். மேசையின் நடுவில் திரையை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைபேசிகளில் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கு உலகப் பூல்-பில்லியர்ட் சங்கத்தின் அளவுகோல் உண்டு: மேசைப் பரப்பிலும் குஷனிலும் எந்த இடத்திலும் 520 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறையக் கூடாது. கைபேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். துல்லியமாக இல்லாவிட்டாலும் எந்த மூலை இருட்டு என்பதைச் சொல்லிவிடும். எங்கள் மேசையில் நடுவில் வெயில், மூலைகளில் அமாவாசை. இரண்டு எல்இடி டியூப்களை நீளவாக்கில் சேர்த்தபின் பந்துகளின் நிழலும் மென்மையாயிற்று.

நான்காம் பந்தும் எட்டாம் பந்தும் படத்தில் ஒன்றுபோல் தெரிகின்றனவே?

தெரியும். வழக்கமான பந்துத் தொகுப்பில் 4 கருநீலம் கலந்த ஊதா, 7 அரக்குச் சிவப்பு. மங்கலான படத்தில் 4 எட்டாம் பந்தின் கறுப்பாகவும் 7 மூன்றாம் பந்தின் சிவப்பாகவும் தோன்றும். இந்தத் தொல்லைக்காகவே தொலைக்காட்சிக்கென்று தனித் தொகுப்புகள் வந்தன. பெல்ஜியத்தில் தயாராகும் ஆரமித் பந்துகளின் அப்படிப்பட்ட தொகுப்பில் 4 இளஞ்சிவப்பு, 7 வெளிர் பழுப்பு.

நிறத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. பிபிசி 2 தொலைக்காட்சி 1969-இல் ‘பாட் பிளாக்’ என்ற ஸ்னூக்கர் (பூலைப் போன்ற இன்னொரு மேசை ஆட்டம்) நிகழ்ச்சியைத் தொடங்கியதே வண்ணத் தொலைக்காட்சியின் பெருமையைக் காட்டத்தான். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தவர்கள் பட்ட பாட்டை, இருட்டு மூலையில் நேரலை செய்யும் நாம் இன்றும் நம் பார்வையாளர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முழுத் தொகுப்பு வாங்க முடியாவிட்டால், சிவப்புப் புள்ளிகள் உள்ள வெள்ளைப் பந்து ஒன்றை மட்டும் வாங்குங்கள். சுழற்சி கண்ணுக்குத் தெரியும். பார்ப்பவர்களுக்கு அது தனிச் சுகம். உங்கள் மற்றப் பந்துகளின் அளவுக்கும் எடைக்கும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கைபேசி மட்டும் போதுமா, கணினி வேண்டுமா?

யூடியூப் செயலியிலிருந்து நேரடியாக ஒளிபரப்ப, சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும். கணினி வழியாகச் செய்ய அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் முதல்முறை நேரலையை இயக்க 24 மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம். போட்டி நாளன்று காலையில் சேனல் தொடங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் இருவர். அவர்களுக்கு ஆறுதல் மட்டுமே சொல்ல முடிந்தது.

கணினி இருந்தால் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருளைப் போடுங்கள். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கைபேசியை வெப்கேமராவாக மாற்றும் செயலி ஒன்றின் மூலம் யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்துவிடலாம். ஸ்கோர், பெயர்கள், கிளப்பின் சின்னம் எல்லாவற்றையும் படத்தின் மேல் அடுக்கலாம். இணையம் அறுந்தால் தானாக மறுபடி இணைக்கும். அதே நேரத்தில் வன்தட்டிலும் பதிவு செய்யச் சொல்லுங்கள், எம்கேவி வடிவில். மின்சாரம் போய்க் கணினி அணைந்தாலும் அதுவரை பதிவானது மிஞ்சும்.

ஐந்தாறு வருடப் பழைய மடிக்கணினி 720பி படத்தைத் தாராளமாகத் தாங்கும். 1080பி வேண்டும் என்று அதை வதைக்காதீர்கள். ஓபிஎஸ் அமைப்புகளில் கீஃபிரேம் இடைவெளி 2 நொடி, பிரேம் வேகம் 30 என்று வையுங்கள். மற்ற அமைப்புகளைத் தொடாமல் விட்டாலும் பெரிய தீங்கில்லை.

எவ்வளவு இணைய வேகம் வேண்டும்?

எல்லோரும் பதிவிறக்க வேகத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். நமக்குப் பயன்படுவது பதிவேற்ற வேகம். 720பி படத்துக்கு நொடிக்கு 2.5 முதல் 4 மெகாபிட் அனுப்பினால் போதும். அனுப்புவதைப் போல் இரண்டு மடங்காவது நிலையாகக் கிடைக்க வேண்டும். வேகத்தை அளப்பது காலை பதினொரு மணிக்கு அல்ல. போட்டி நடக்கும் அதே கிழமையில், இரவு ஏழு மணிக்கு.

செல்போன் டேட்டாவில் செய்யலாம் என்பவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்கட்டும்: நொடிக்கு 4 மெகாபிட் என்றால் மணிக்கு 1.8 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் பேக் ஒரு மணி நேரத்தைத் தாண்டியதும் மூச்சை நிறுத்திவிடும். 2.5 மெகாபிட்டுக்கு இறக்கினாலும் மணிக்கு 1.1 ஜிபிக்குமேல் ஆகும். எட்டு மணி நேரப் போட்டிக்குக் கிளப்பின் ஃபைபர் இணைப்புதான் வழி, செல்போன் டேட்டா ஆபத்துக்கு மட்டும்.

ஃபைபர் இருந்தும் படம் அறுகிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு குற்றம் வைஃபையுடையது. காலையில் நன்றாக ஓடும், மதியம் முப்பது பேர் வந்து அதே வைஃபையில் ரீல்ஸ் பார்க்கத் தொடங்கியதும் நம் நேரலை திணறும். பதினைந்து மீட்டர் ஈத்தர்நெட் கம்பி ஒன்றை ரவுட்டரிலிருந்து கணினிக்கு இழுத்துவிடுங்கள். நான் செய்த மொத்தச் செலவில் மிக அதிகப் பலன் கொடுத்தது அந்தக் கம்பிதான். அதோடு வைஃபை கடவுச்சொல்லைப் போட்டிக்கு முந்தைய நாள் மாற்றிவிடுங்கள். இரண்டு நாள் திட்டுவார்கள், பொறுத்துக்கொள்ளலாம்.

நடுவில் மின்சாரம் போனால்?

இன்வர்ட்டரில் மேசை விளக்கு ஒன்று, ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் இருக்க வேண்டும். ரவுட்டரை மாட்டிவிட்டு ஃபைபர் பெட்டியை மறந்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன்.

கைபேசி சூடாகி அணைந்துவிடுகிறது.

உறையைக் கழற்றுங்கள், திரையின் வெளிச்சத்தைக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள், பின்பக்கம் காற்றுப்படும்படி சிறிய மேசை விசிறி ஒன்றைத் திருப்பி வையுங்கள். ஏரோபிளேன் பயன்முறையில் போடுங்கள். கம்பி வழியாக இணைத்திருந்தால் அதன்பின் எதுவும் தேவையில்லை, வைஃபை வழியானால் வைஃபையை மட்டும் மறுபடி திறங்கள். இறுதிப் போட்டியின் கடைசி ராக்கில் (ராக் என்பது போட்டிக்குள் வரும் ஒரு தனி ஆட்டம்) கடன் தருவதாகச் சொல்லும் அழைப்பு வந்து நேரலை நின்றுபோன அனுபவம் எங்களுக்கு உண்டு. பேட்டரி உப்பியிருக்கும் பழைய கைபேசியை மட்டும் எக்காரணம் கொண்டும் நாள் முழுவதும் சார்ஜில் போட்டு ஓட்டாதீர்கள்.

ஸ்கோரை எப்படிக் காட்டுவது?

கணினி இல்லாதவர்களுக்கு ஒரு பழைய முறை: பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் பார்த்திருப்பீர்கள், எண் அட்டைகளைப் புரட்டும் பலகை. அதை மேசையின் தூரத்து முனையில் கேமராவுக்குத் தெரியும்படி வைத்து, எங்கள் மார்க்கர் அண்ணனிடம் ஒப்படைத்தோம். முப்பது வருடமாகப் பில்லியர்ட்ஸ் பலகையில் புள்ளி தள்ளியவர் அவர். ஆறு மாதம் ஒரு தவறும் வரவில்லை. பிறகு ஓபிஎஸ்ஸுக்கு மாறி, நானே எண்ணை மாற்றத் தொடங்கியபோதுதான் தவறுகள் வந்தன.

திரையில் இருக்க வேண்டியவை: இரண்டு பெயர்கள், இரண்டு எண்கள், எத்தனை ராக் வரை என்ற இலக்கு, எயிட் பாலா நைன் பாலா என்ற ஆட்ட வகை. எயிட் பாலில் யாருக்கு முழு நிறப் பந்துகள், யாருக்குக் கோடு போட்ட பந்துகள் என்பதையும் போட்டால் பாதியில் வந்து சேர்பவர்கள் நன்றி சொல்வார்கள். பெயரைத் தமிழில் போடுங்கள். ஓபிஎஸ்ஸில் தமிழ் யூனிகோடு எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று முன்பே பார்த்துவிடுங்கள். ஸ்கோர் பட்டையைக் கீழ் ஓரத்தில் வைக்கும்போது அது அருகிலுள்ள பாக்கெட்டுகளை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத் தவறாகச் செய்த நேரலைகள் ஏராளம்.

ஸ்கோர் சரிதானா என்று சோதிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. மாற்றி மாற்றிப் பிரேக் அடிக்கும் போட்டியில், இரண்டு எண்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக இருந்தால் முதல் ராக்கில் பிரேக் அடித்தவரே இப்போதும் அடிக்க வேண்டும், ஒற்றைப்படையானால் மற்றவர். 4-3 என்று திரை சொல்லும்போது முதல் ராக்கில் பிரேக் அடித்தவர் கியூவோடு வந்து நின்றால், ஸ்கோர் தவறு அல்லது பிரேக் தவறு. இரண்டில் ஒன்றை அங்கேயே தீர்த்துவிடலாம்.

யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணைக்குச் சாலஞ்ச் (Challonge) போன்ற இலவசத் தளங்கள் போதும். இணைப்பை விளக்கத்தில் ஒட்டிவிடுங்கள். “அடுத்து யாருக்கும் யாருக்கும்?” என்ற கேள்வி பாதியாகக் குறையும்.

வர்ணனை வேண்டுமா?

இருந்தால் நல்லது, மோசமாக இருந்தால் இல்லாததே மேல். சிறிய ஹாலில் வர்ணனையாளர் மெதுவாகப் பேசினாலும் ஆடுபவர் காதில் விழும். “அந்த மூன்றாம் பந்தைப் பேங்க் அடிப்பதுதான் வழி” (அதாவது குஷனில் மோதவிட்டுப் பாக்கெட்டில் விழுத்துவது) என்று ஒருவர் மைக்கில் சொல்ல, மேசையருகே நின்றவர் தலையை ஆட்டிவிட்டு அதையே ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். எதிராளி கொதித்ததில் நியாயம் இருந்தது. பிபிசியின் டெட் லோ மெல்லிய குரலில் வர்ணித்தே புகழ்பெற்றவர். ஆனால் நம்மில் யாருக்கும் அந்தத் தொண்டை வாய்க்கவில்லை. எங்கள் வர்ணனையாளரை மாடிப்படியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டோம். அவர் பார்ப்பது ஓபிஎஸ் திரையைத்தான். யூடியூபைப் பார்த்துப் பேசினால் பல நொடி தாமதமாகிவிடும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைப் பந்து மோதியபின் பின்னோக்கி வரும்படி அடிப்பதை, அமெரிக்க நேரலைகளைப் பார்த்துப் பழகிய இளைஞர்கள் ‘டிரா’ என்கிறார்கள். எங்கள் கிளப்பில் அது ‘ஸ்க்ரூ’. இங்கே பூலுக்கு முன்பே ஸ்னூக்கர் வந்துவிட்டது. ஸ்னூக்கரின் விதிகள் 1882-இல் வகுக்கப்பட்டது எங்களுக்கு மேலே இருக்கும் ஊட்டி கிளப்பில். ஸ்க்ரூ, சைடு, டபுள் என்று உங்கள் கிளப்பில் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே பேசுங்கள்.

கிளப்பில் பாட்டு ஓடுகிறது, டிவியில் கிரிக்கெட் ஓடுகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. யூடியூபின் உரிமைச் சோதனை நேரலையிலும் வேலை செய்யும். எச்சரிக்கை வரும், படத்துக்குப் பதிலாக ஒரு நிலைப்படம் வந்துவிடலாம், நேரலையே துண்டிக்கப்படவும் செய்யலாம். கிரிக்கெட் ஓடும் டிவி சட்டகத்தின் மூலையில் தெரிந்தாலும் அதே வம்பு. டிவியைத் திருப்பி வையுங்கள், பாட்டை நிறுத்துங்கள். பிறகு பாருங்கள், பந்தோடு பந்து மோதும் ஓசையும் பாக்கெட்டில் விழும் ஓசையும் எவ்வளவு இனிமை என்று. மலிவான காலர் மைக் ஒன்றை மேசைக்கு அருகில் வைத்தால் அது இன்னும் நன்றாகக் கேட்கும். கெட்ட வார்த்தைகளும் அதே அளவு நன்றாகக் கேட்கும் என்பதை ஆட்டக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஃபேஸ்புக்கா, யூடியூபா?

யூடியூப். ஃபேஸ்புக்கில் நேரலை செய்ய, கணக்கு 60 நாளாவது பழையதாகவும் 100 பின்தொடர்பவர்களாவது உள்ளதாகவும் இருக்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் அங்கே நேரலைப் பதிவுகள் 30 நாளில் அழிக்கப்படுகின்றன. நம் ஆட்டக்காரர்கள் ஆறு மாதம் கழித்து வந்து “நான் அவனை 7-2 என்று வென்ற ஆட்டம் எங்கே?” என்று கேட்பவர்கள். யூடியூபிலும் ஒரு நிபந்தனை உண்டு: 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலையே தானாகப் பதிவாகச் சேமிக்கப்படும். அதனால் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

நான்கு மேசையையும் காட்டலாமா?

கூடாது. ஒரு மேசையை நேரலை மேசை என்று அறிவித்து, அதில் யார் எப்போது ஆடுகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆட்டக்காரர்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

நுழைவுப் படிவத்தில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் கையெழுத்து. நேரலை மேசையில் ஆட விரும்பாதவர்கள் இருப்பார்கள், வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவர்கள் உட்பட. அவர்களை வற்புறுத்தாதீர்கள். இன்னொன்று: பக்கப் பந்தயம் கட்டும் பழக்கம் உங்கள் கிளப்பில் இருந்தால், பணம் கைமாறுவது படத்தில் வரவே கூடாது. மைக்கிலும் வரக் கூடாது. அந்தப் பழக்கமே இல்லாத கிளப்பை நான் இன்னும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

மொத்தம் எவ்வளவு செலவாயிற்று?

கைபேசியும் மடிக்கணினியும் எங்களிடமே இருந்தவை. இரும்புப் பட்டை, கிளிப், ஈத்தர்நெட் கம்பி, இரண்டு எல்இடி டியூப், காலர் மைக் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. நுழைவுக் கட்டணத்தில் ஆளுக்கு இருபது ரூபாய் கூட்டினோம். இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வந்துவிட்டது.

யூடியூபிலிருந்து பணம் வருமா?

விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். பக்கத்துப் பேக்கரி தன் பெயரை ஸ்கோர் பட்டையில் போடச் சொல்லிப் போட்டிக்கு இருநூறு ரூபாயும் ஒரு தட்டு பஃப்ஸும் கொடுக்கிறது. இப்போதைக்கு அதுதான் எங்கள் வருமானம்.

முடிந்த பிறகு பதிவை அப்படியே விட்டுவிடலாமா?

ஆறு மணி நேரக் காணொளியில் தன் ஆட்டத்தைத் தேட யாருக்கும் பொறுமை கிடையாது. விளக்கத்தில் நேரக்குறிப்புகள் எழுதுங்கள். முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து நொடியாவது நீள வேண்டும். அப்போதுதான் யூடியூப் அவற்றை அத்தியாயங்களாக எடுத்துக்கொள்ளும். நேரலை ஓடும்போதே ஒரு தாளில் ஆட்டம் தொடங்கும் நேரத்தைக் குறித்துவந்தால் ஐந்து நிமிட வேலை.

ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்ய முடியுமா?

முடியும், அவர் அன்று ஆடாவிட்டால். கேமராவைப் பூட்டிய பிறகு அதைத் தொட வேண்டியதில்லை. ஸ்கோர் மாற்றுவதும், வேறொரு கைபேசியில் நேரலையை அவ்வப்போது திறந்து பார்ப்பதும்தான் மிச்சம். அந்த இரண்டாவது பார்வையைத் தவிர்க்காதீர்கள். ஒலி அணைந்த நிலையில் இரண்டு மணி நேரம் ஒளிபரப்பியதை அப்படித்தான் ஒருநாள் மிகத் தாமதமாகக் கண்டுபிடித்தேன்.

ஃபவுலா இல்லையா என்று சண்டை வந்தால் பதிவைப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமா?

முதலில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். நைன் பாலில் எந்தப் பந்து முதலில் தட்டுப்பட்டது என்பதுதான் வழக்கமான தகராறு. வெள்ளைப் பந்து நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நொடிக்கு 30 பிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே அது பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தின் விட்டமே 5.7 சென்டிமீட்டர்தான். முதல் பிரேமில் இன்னும் தட்டவில்லை, அடுத்த பிரேமில் இரண்டு பந்துகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பத்துப் பேர் மடிக்கணினியைச் சூழ்ந்துகொண்டு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, அரை மணி நேரம் கழித்து வந்ததைவிடக் கோபமாகக் கலைந்தார்கள். இப்போது நுழைவுப் படிவத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது: நேரலைப் பதிவு சாட்சியாகாது, நெருக்கமான ஷாட் என்றால் அடிப்பதற்கு முன் மார்க்கரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து குனிந்து பார்ப்பார், சொல்வார், போய்விடுவார்.